ஒரு செய்திக்கு ஒரு முகவரி

குறுவைப் பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. ஆனால், எல்லா ஆண்டும் அந்நாளிலேயே தண்ணீர் கிடைப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறக்கப்பட்டது; 2024-இல் நீர் இருப்புக் குறைவால் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. நாற்றுவிடும் நாளை முடிவுசெய்ய வேண்டிய தஞ்சை உழவர் இன்று கைப்பேசியில் தேடுகிறார். ஏறத்தாழ ஒரே தலைப்பில் பல ஆண்டுச் செய்திகள் குவிந்திருக்கையில், சென்ற ஆண்டின் தேதி அவர் கண்ணில் முதலில் பட்டால் இழப்பு அவருக்குத்தான்.

இணையதளங்களைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இதன் காரணத்தை விளக்க விரும்புகிறேன்.

தேடுபொறிகள் இணையத்தை நாள்தோறும் முழுமையாகப் படிப்பதில்லை. 'கிராலர்' எனப்படும் மென்பொருள் இணைப்புகளின் வழியே பக்கம் பக்கமாகச் செல்கிறது. ஒரு தளத்துக்கு அது ஒதுக்கும் நேரத்துக்கு அளவுண்டு. சிறிய தளங்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. லட்சக்கணக்கான பக்கங்கள் கொண்ட செய்தித் தளங்களும் அரசுத் தளங்களும் கவலைப்பட்டே ஆக வேண்டும். டெல்டா மக்களுக்கு இது முறைப்பாசனத்தைப் போன்றது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால், தண்ணீர் கடைமடையை எட்டும் முன்பே முறை முடிந்துவிடும்.

இங்கே ஆகாயத்தாமரை என்பது நகல் பக்கங்கள். ஒரே செய்தி மாவட்டப் பிரிவில் ஒரு முகவரியிலும், வேளாண் பிரிவில் மற்றொரு முகவரியிலும் இருக்கும். அச்செடுப்பதற்கென ஒரு வடிவம், கைப்பேசிக்கென ஒரு வடிவம், சமூக ஊடகங்களில் பகிரும்போது ஒட்டிக்கொள்ளும் நீண்ட வால் என முகவரிகள் பெருகும். மனிதக் கண்ணுக்கு ஒன்றே, இயந்திரத்துக்கு ஐந்தாறு.

தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. 'கும்பகோணம்' என்ற சொல்லில் உள்ள 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமம் என்றே யூனிகோடு தரமும் கூறுகிறது. ஆனால், தமிழ்ச் சொற்களை முகவரியில் வைக்கும் தளத்தில் அவை இரு வேறு முகவரிகளாகிவிடும்.

நகல் இருந்தாலே கூகுள் தண்டித்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஏமாற்றும் நோக்கமற்ற நகலுக்குத் தண்டனை இல்லை. ஒத்த பக்கங்களுள் ஒன்றைத் தேடுபொறி தானே தேர்ந்து, மற்றவற்றை ஒதுக்குகிறது. அந்தத் தேர்வு நாம் விரும்பும் பக்கமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தீர்வுகள் புதியவை அல்ல. நகல்களுள் மூலம் எது என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கும் 'கெனானிக்கல்' குறிச்சொல்லை கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009-இல் ஏற்றுக்கொண்டன. கைவிடப்பட்ட முகவரிகளிலிருந்து புதியதற்கு 301 எனும் நிரந்தர மடைமாற்றம் செய்யலாம். முதன்மைப் பக்கங்களை மட்டும் தளவரைபடக் கோப்பில் தரலாம்.

பலர் முதலில் நாடுவது 1994-இல் பிறந்த 'ரோபோட்ஸ்' கோப்பை. அதில் தடை எழுதினால் நகல் மறைந்துவிடும் என எண்ணுகிறார்கள். தடுக்கப்பட்ட பக்கத்தை கிராலர் திறப்பதே இல்லை. ஆகவே, அதில் எழுதப்பட்டுள்ள கெனானிக்கல் குறிப்பையும் அது காண்பதில்லை. வெளியிலிருந்து இணைப்பு இருந்தால், அந்த முகவரி தேடல் முடிவில் வரவும் கூடும். எல்லையின்றி நீளும் நாள்காட்டிப் பக்கங்களில் கிராலர் சிக்காமல் தடுக்கவே அக்கோப்பு ஏற்றது.

நிர்வாக மாற்றங்களிலும் இதே கவனம் தேவை. 2020 டிசம்பர் 28-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது. இத்தகைய பிரிவினையின்போது நிலப் பதிவேடுகள் முறையாக ஒப்படைக்கப்படுகின்றன. இணையப் பக்கங்களுக்கும் அவ்வாறே மடைமாற்றம் செய்யாவிட்டால், பழைய பக்கம் பழைய தொலைபேசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆண்டுதோறும் மீளும் செய்திகளுக்கு எளிய வழி உண்டு. மேட்டூர் அணை திறப்புக்கும், சம்பா பயிர்க் காப்பீட்டின் இறுதி நாளுக்கும் நிலையான முகவரியுடன் ஒரு பக்கம் போதும். ஆண்டுதோறும் அதையே புதுப்பிக்க வேண்டும். பழைய செய்திகளின் தலைப்பில் ஆண்டைத் தவறாமல் குறிக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. கோடைதோறும் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரும் அரசு, தன் இணையதளங்களையும் ஆண்டுக்கொரு முறை தூர்வாரலாம். செய்தி நிறுவனங்களாகிய நமக்கும் அக்கடமை உண்டு. அணை திறக்கும் முன்பே சரியான தேதி கடைமடை உழவரைச் சென்றடைய வேண்டும்.