'கிளப்'பில் உட்கார்ந்தாலே வழக்கு!

மும்பையில் சம்பள வாரம் வந்துவிட்டால் சில அறைகளில் விடிய விடிய விளக்கு எரியும். வாசலில் "சோஷியல் கிளப்" என்று ஒரு பலகை. முன் அறையில் யாரும் தொடாத ஒரு கேரம் போர்டு. அது கண் துடைப்புக்கு. உள்ளே போனால் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில் கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லைகள். மூணு சீட்டும் ரம்மியும் ஓடிய இடங்களில் இப்போது 'போக்கர்' என்ற பெயரும் அடிபடுகிறது.

புதிதாக வருகிறவரிடம் எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான் சொல்லப்படும். "பயப்படாதீங்க அண்ணாச்சி. இது சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு."

இதில் பாதி உண்மை. வம்பு இருப்பது மீதிப் பாதியில்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன?

1963-ல் செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்துக்குள் போலீசார் புகுந்தார்கள். ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் மன்ற நிர்வாகிகள் மீதும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 'சத்தியநாராயணா வழக்கு' என்று 1968-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம் பெற்றிருப்பது அதுதான். ரம்மியில் விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். கிளப்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிவது இந்தப் பகுதியை மட்டும்தான்.

அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. மூணு சீட்டு, எந்தப் பெயரில் ஆடினாலும், வெறும் அதிர்ஷ்ட ஆட்டமே என்பது ஒன்று. ரம்மியே ஆனாலும், பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துக்காரர் லாபம் பார்த்தால் குற்றம் ஏற்படலாம் என்பது இரண்டாவது. இவற்றை எந்தக் கிளப்பிலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

போக்கர் விஷயம் இன்னும் சிக்கல். 2013-ல் கர்நாடக ஐகோர்ட்டு, திறமை ஆட்டமாக ஆடினால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற போக்கில் உத்தரவிட்டது. மேற்கு வங்காளத்தின் 1957-ம் ஆண்டுச் சட்டமோ பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்டக் கணக்கிலிருந்து விலக்கியே வைத்தது. ஆனால் 2017 டிசம்பரில் குஜராத் ஐகோர்ட்டு, போக்கர் சூதாட்டமே என்று தீர்ப்புக் கூறியது. மும்பைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசித் தீர்ப்பை. ஏனென்றால் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் நடப்பது ஒரே தாய்ச் சட்டம்: 1887-ல் பம்பாய் மாகாணத்தில் பிறந்த சூதாட்டத் தடுப்புச் சட்டம். பெங்களூரில் சித்தப்பா மகன் ஆடுகிறான் என்பது மும்பையில் பிடிபட்டவருக்கு உதவாது.

வெட்டு எடுத்தால் சூதாட்ட விடுதி

இந்தச் சட்டத்தின் ஆணிவேர் ஒரே கேள்வி: இடத்துக்காரருக்கு லாபம் உண்டா? ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த பணத்தில் ஒரு பங்கு வெட்டி எடுத்தாலும் சரி, "உட்காரும் கட்டணம்" என்று வசூலித்தாலும் சரி, வேறு எந்தப் பெயரில் வாங்கினாலும் சரி, அந்த அறை 'பொதுச் சூதாட்ட விடுதி' ஆகிவிடும். வடநாட்டில் இந்த வெட்டுக்கு 'நால்' என்று பெயர். பலகையில் கிளப் என்று எழுதியிருப்பதோ, சங்கமாகப் பதிவு செய்து சர்டிபிகேட்டை கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதோ இதை மாற்றாது. சங்கப் பதிவு சூதாட லைசென்ஸ் அல்ல.

மேஜையில் ரொக்கம் இல்லை, வெறும் வில்லைதானே என்று சொல்லியும் தப்ப முடியாது. ஆட்டத்துக்குப் பயன்படும் எந்தப் பொருளும், கணக்கு எழுதிய நோட்டும், ஆட்டத்தில் வந்த பணமும் 'சூதாட்டக் கருவி' என்றே சட்டம் கொள்கிறது.

தீபாவளி ராத்திரியில் வீட்டில் நாலு சிநேகிதர்கள் உட்கார்ந்து, யாரும் வெட்டு எடுக்காமல் ஆடினால் அந்த வீடு சூதாட்ட விடுதி ஆகாது. ஆனால் அதே ஆட்டம் சால் வாசலுக்கோ தெருவுக்கோ இறங்கினால் கதை வேறு. பொது இடத்தில் சூதாடுகிறவரை வாரண்ட் இல்லாமலே போலீசார் பிடிக்கலாம்.

நடத்துகிறவருக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. இங்கே 'நடத்துகிறவர்' என்பது முதலாளி மட்டும் அல்ல. தெரிந்தே அறையை விட்டவர், மேற்பார்வை பார்ப்பவர், சீட்டுப் போட்டுக் கொடுப்பவர், வில்லைக் கணக்கு எழுதுபவர், ஆடுவதற்குக் கடன் கொடுப்பவர் எல்லோரும் அதே பிரிவில் வருவார்கள். ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையன், "ராத்திரி டியூட்டி, சும்மா கதவைப் பார்த்துக்கோ, தினம் ஐநூறு" என்ற பேச்சில் சேருகிறான். போலீசார் வரும்போது முதலாளி அந்த இடத்தில் இருப்பது அபூர்வம். கதவருகே நிற்பவன் இவன்தான்.

"வேடிக்கைதான் பார்த்தேன்"

ஆடுகிறவருக்கு ஆறு மாதம் வரை ஜெயில். ஆடியதை யார் நிரூபிப்பது? இங்கேதான் சாதாரண ஆள் சிக்கிக்கொள்கிறான். ஆட்டம் நடக்கும்போது அந்த இடத்தில் இருந்தால், சூதாடவே வந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு பிடிபட்டவருடையது. சிநேகிதனைக் கூப்பிட வந்தேன், டீ குடிக்க வந்தேன் என்பதைக் கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. போலீஸ் கமிஷனரிடம் முறைப்படி அதிகாரம் பெற்ற அதிகாரி சோதனை நடத்தியிருக்க வேண்டும். அதில் ஓட்டை இருந்தால் இந்த அனுமானம் விழுந்துவிடும். பல வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான். ஆனால் அது தெரியவருவதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை லீவு!

அதற்குப் பயந்து பலர் செய்வது, முதல் நாளே "ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்" என்பது. சில நூறு ரூபாயில் முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறார்கள். அபராதம் மட்டும் விதித்தாலும் அது குற்றவாளி என்ற தீர்ப்புதான். ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் அது அழிந்துவிடாது.

அரசு குமாஸ்தாவுக்கு ஆபத்து இன்னும் பெரிது. மத்திய அரசு ஊழியரோ ரெயில்வே ஊழியரோ 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே சஸ்பெண்டு ஆனவராகக் கருதப்படுவார். இந்தக் குற்றத்துக்கு ஜாமீன் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி பிடிபட்டு, உள்ளூரில் ஜாமீன் நிற்க ஆள் இல்லாதவருக்கு 48 மணி நேரம் பெரிய நேரம் அல்ல. சீக்கிரம் வெளியே வந்துவிட்டாலும், கைதான விஷயத்தை மேலதிகாரியிடம் மறைப்பது தனிக் குற்றச்சாட்டாகும். துபாய்க்குப் போகக் காத்திருக்கும் ஃபிட்டருக்கு வேறு தலைவலி. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கோர்ட்டில் அனுமதி வாங்கி வர வேண்டியிருக்கும்.

கடன் வாங்கி ஆடியவர்கள்

தோற்றவருக்கு அங்கேயே கைமாற்று கொடுக்க ஓர் ஆள் இருப்பான். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. ஆகவே ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. பம்பாய் மாகாணத்துக்கென்று 1865-ல் வந்த சட்டம் சூதை ஒட்டிய துணை ஒப்பந்தங்களையும் செல்லாதவை ஆக்கியது. விடுதியில் ஆடக் கடன் கொடுப்பது தனியாகவே குற்றம். கோர்ட்டு வழி அடைபட்டிருப்பதால்தான் அந்த ஆள் ஏ.டி.எம். கார்டையும் ரேஷன் கார்டையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறான், ஃபாக்டரி வாசலில் வந்து நிற்கிறான். ஊருக்குப் போக வேண்டிய பணம் அங்கே நின்றுபோகிறது. மிரட்டினால் போலீசுக்குப் போகலாம். ஆனால் "எதற்கு வாங்கினாய்?" என்ற கேள்விக்குப் பயந்து பெரும்பாலோர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

செல்போனில் ஆடினால் பரவாயில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். கோவாவில் லைசென்ஸ் பெற்ற காசினோக்கள் இருப்பதைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். மகாராஷ்டிரமும் 1976-ல் ஒரு காசினோச் சட்டம் போட்டது. அது ஒரு நாளும் நடைமுறைக்கு வராமலே 2023-ல் ரத்தாயிற்று.

தப்பித் தவறிப் பிடிபட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எதற்காகக் கைது என்று கேட்கலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாஜிஸ்திரேட்டிடமே வாய் திறந்து கேட்கலாம். காகிதங்கள் மராத்தியில் இருக்கும். எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லச் சொல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. கோர்ட்டில் சாட்சி சொல்வது புரியவில்லை என்றால், புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லும்படி கேட்பதும் உரிமையே. "மராத்தி தெரியாது, தமிழ்தான் தெரியும்" என்று சொல்ல வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டி, குற்றத்தை ஒத்துக்கொண்டதாகப் பதிவாகி வெளியே வந்தவர்கள் உண்டு.