துளசிக்கு மயங்கும் பழ ஈ

“கொய்யா மேலுக்குப் பளபளவென்று இருக்கிறது. பிட்டால் புழு நெளிகிறது. எந்த வழியாக உள்ளே போனது?” என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர்.

புழு வெளியிலிருந்து போகவில்லை. காய் முற்றும் பருவத்தில் தாய் ஈ ஊசி போன்ற வால்முனையால் தோலைக் குத்தி, உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறது. வாழைப்பழத்தை மொய்க்கும் பொடிப்பூச்சி வேறு. இது வீட்டு ஈ அளவு, குளவிச் சாயல். பெயர் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்.

ஆசியாவில் பிறந்த இந்த ஈ 1940-களில் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. 2003-இல் கென்யாவில் தென்பட்டபோது புது இனம் என்று நினைத்து வேறு பெயர் சூட்டினார்கள். இலங்கை ஈக்களோடு ஒத்துப்போனதால் அங்கிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். 2015-இல்தான் எல்லாம் ஒரே இனம் என்று முடிவாயிற்று. மாம்பழக் காலம் முடிந்தால் கொய்யா, அதுவும் போனால் சப்போட்டா, பப்பாளி, இலந்தை. முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களின் கனிகள் இதற்கு இடம் கொடுப்பதால், எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்கிறது.

என்னை ஈர்ப்பது இதன் மணப்பித்து. பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை 1912-இல் எழுதினார். வந்தவை ஆண் ஈக்கள். இழுத்த பொருள் மெத்தில் யூஜினால் என்று பிறகு கண்டறிந்தார். அது துளசியிலும் உண்டு. பாட்டி பூசைக்குத் துளசி கிள்ளிய காம்புகளில் பழுப்பு ஈக்கள் நக்கிக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். காரணம் வெகுகாலம் கழித்தே புரிந்தது. ஆண் ஈ அந்த மணப்பொருளைத் தின்று, உடலுக்குள் மாற்றிச் சேமித்து, அந்தியில் அதை வீசிப் பெண்ணை அழைக்கிறது. சித்தப்பா தன் கல்யாணத்தன்று அத்தர் பூசி நின்றது நினைவுக்கு வருகிறது.

இந்த மயக்கமே அதற்குப் பொறி. மெத்தில் யூஜினாலோடு நஞ்சு கலந்து வைத்து ஆண்களை அழித்தே, 1960-களில் பசிபிக்கின் ரோட்டா தீவிலிருந்து இந்த ஈயை ஒழித்தார்கள்.

நாமோ புழு கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பழத்துக்குள் இருக்கும் புழுவை மேலே அடிக்கும் மருந்து எட்டுவதில்லை. பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்ததால் 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது. உதிர்ந்த பழத்தை மரத்தடியிலேயே அழுக விட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூடாகி, அடுத்த ஈயாக எழும். தினமும் பொறுக்கி ஆழக் குழியில் மூடுங்கள். பொறியும் வையுங்கள். ஆனால் முதலில் குனிந்து பொறுக்குங்கள்.