சுத்தபோசனத்துக்கு மெக்சிக்கோ பயறு

தவக்காலம் வந்துவிட்டால் பூச்சோங் வட்டாரத்துக் கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமைதோறும் எழும் கேள்வி ஒன்றுதான்: "இன்றைக்கு என்ன சமைப்பது?" கோழி இல்லை, ஆடு இல்லை. அதற்குப் பதிலாக இறால் சம்பால், நண்டுப் பிரட்டல், தெங்கிரி மீன் வறுவல் என்று மேசை நிறைந்துவிடுகிறது. சட்டப்படி இதில் குற்றமில்லை. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வகுத்த ஒழுங்கு இறைச்சியைத்தான் விலக்குகிறது. முட்டையையும் பாலையும் அல்ல. மீனுக்கும் தடையில்லை. 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் கடமை. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் 18 முதல் 59 வயது வரையுள்ளோர் ஒருசந்தியும் இருக்க வேண்டும்.

ஆனால், வயிற்றைக் குறைத்து மிச்சமாவதை ஏழைக்குக் கொடுப்பதும் தவத்தில் அடங்கும். கோழியைவிட விலை கூடிய இறாலைச் சாப்பிட்டால் உண்டியலுக்கு என்ன மிஞ்சும்?

இங்கேதான் மெக்சிக்கோ கைகொடுக்கிறது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடு அது. அங்கேயும் தவக்காலத்தில் காய்ந்த இறாலை அரைத்துச் சுடும் வடை உண்டு. ரொட்டியும் பட்டையும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த 'கபிரோத்தாடா' இனிப்பும் உண்டு. என்றாலும் ஏழை எளியவரின் அன்றாட உணவு பயறும் சோளத் தோசை போன்ற 'தோர்த்தியா'வும்தான். அரிசியும் உளுந்தும் இட்லியில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதுபோல, சோளத்தின் புரதக் குறையைப் பயறு ஈடுசெய்கிறது.

அந்த நாட்டுச் சமையல் நமக்கு அந்நியமும் அல்ல. மிளகாய் அந்தப் பக்கத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. அவர்களும் வெற்றிலைக்காரர்களைப்போலச் சுண்ணாம்பை வைத்திருக்கிறார்கள், ஆனால் அடுப்பில்! சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால் தோல் கழன்று மாவு ஒட்டும். சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் சத்தும் உடலில் சேரும். இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது.

கடையில் 'தெப்போங் ஜாகோங்' என்று விற்பது வெறும் சோள ஸ்டார்ச். அதில் தோர்த்தியா வராது. கவலை வேண்டாம், வட மெக்சிக்கோவில் கோதுமைத் தோர்த்தியாதான் வழக்கம். நம் சப்பாத்தியே போதும்.

பயறு வாங்கும்போது கஞ்சிக்குப் போடும் சின்னச் சிவப்புப் பயறு வேண்டாம்; சிறுநீரக வடிவில் இருக்கும் பெரியதைக் கேளுங்கள். காலையில் வேலைக்குப் போகும்முன் ஊறப்போட்டால் மாலைக்குள் ஊறிவிடும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடவேண்டும். அரைவேக்காட்டுப் பயற்றில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சு உண்டு. மெதுவாக வேகவைக்கும் மின்சட்டியில் நேரே போடுவது ஆபத்து. குக்கரில் குழைய வேகவைத்து, வெங்காயம், பூண்டு, சீரகம் வதக்கிச் சேர்த்து மசிக்கவும். தக்காளி, வெங்காயம், சிலி பாடி, கொத்தமல்லித் தழையைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் 'சால்சா' தயார். அதையும் பயற்றையும் சப்பாத்தியில் வைத்து மடிக்க வேண்டியதுதான்.

டின்னில் வரும் மசித்த பயறு சிலவற்றில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். தாளிதத்துக்கான கொழுப்பை 1966 ஒழுங்கு விலக்கவில்லைதான். ஆனால் மலாய் நண்பர் விருந்துக்கு வந்தால்?

பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா அன்னை ஆலயத்திலோ கிள்ளான் லூர்து அன்னை ஆலயத்திலோ சிலுவைப் பாதை முடித்து, நெரிசலில் ஊர்ந்து வீடு சேரும் குடும்பத்துக்குப் பயறு வெந்திருந்தால் மீதி வேலை கால்மணி நேரம். வெள்ளிக்கிழமை சைவம் இருக்கும் பக்கத்து வீட்டு இந்து அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கலாம். மீன் குழம்பைக் கொடுக்க முடியாதே! சீஸ் மட்டும் தூவாதீர்கள். சில வகைச் சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள்.