அரசு விளம்பரம்: தேர்தல் தேதி வந்ததும் மட்டும் தப்பாவது ஏன்?

தேர்தல் தேதியை ஆணையம் அறிவித்ததும், அரசு விளம்பரப் பலகைகளில் தலைவர்களின் படங்களை மறைக்கிறார்கள். முந்தைய நாள்வரை அதே படம் பேப்பரில் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கும். செலவு உங்கள் வரிப்பணம்தான். நேற்று சரி, இன்று தப்பு. எப்படி?

அதிகாரிகளுக்கு ஒரு கோடு

1971-ல் ரேபரேலியில் இந்திரா காந்தி வென்றதை எதிர்த்து ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. பிரதமர் செயலகத்தில் இருந்த யஷ்பால் கபூர், ராஜினாமா அமலாகும் முன்பே தேர்தல் வேலை பார்த்தார், உ.பி. அதிகாரிகள் மேடை அமைக்கவும், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தரவும் உதவினர். இவைதான் காரணங்கள்.

அடிப்படை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 123(7). பிறகு சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். அதை ஏற்ற உச்ச நீதிமன்றம், நவம்பர் 7-ல் இந்திராவின் வெற்றியை உறுதி செய்தது.

விளம்பரத்துக்கு?

அந்தப் பிரிவு பேசுவது வேட்பாளர் அரசு ஊழியர்களின் உதவியைப் பெறுவதைப் பற்றி. அரசு விளம்பரம் அதில் சிக்காது.

'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில், 2015 மே 13-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. அரசு விளம்பரத்தில் கட்சிச் சாயம் கூடாது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் போதும் என்றது. 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. தேர்தலுக்குச் சற்று முன்பு வரும் விளம்பரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என நிபுணர் குழு சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால்தான், தேதி அறிவிக்கும்வரை விளம்பரங்கள் குவிகின்றன. அதன்பிறகே ஆணையத்தின் நடத்தை விதிகள் தடுக்கின்றன.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

விதிகள் அமலில் இருக்கும்போது மீறலைப் பார்த்தால், போட்டோவோ வீடியோவோ எடுத்து 'சி-விஜில்' செயலியில் அனுப்புங்க. 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. முடிவு வந்தபின் என்றால், தொகுதி வாக்காளர் யாரும் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம்.

ஆனால் ரேபரேலித் தீர்ப்பு வரவே நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும் இந்திராதான் பிரதமர்.