வெள்ள வரைபடத்தில் எமது வீடும் இருக்கட்டும்



2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களை மீண்டும் இடம்பெயர வைத்தது. போரால் ஆண்டுக்கணக்கில் வெளியே வாழ்ந்து திரும்பிய எம்மில் பலருக்கு, ஊரில் வெள்ளம் வரும் வழி பற்றிய நினைவும் அறுந்துவிட்டது.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி அனர்த்த முகாமைத்துவத் திட்டம் வகுப்பது அரசின் கடமை. மழைவீழ்ச்சி, நில உயரம் ஆகியவற்றை அதிகாரிகள் அளப்பார்கள். எந்த ஒழுங்கை முதலில் மூழ்கும், எந்த வீட்டில் நடக்க இயலாதவர் இருக்கிறார், எந்தக் கிணறு பழுதாகும் என்பவை எமக்கே தெரியும்.

மாதர் சங்கத்தில் கூடி ஊர்ப்படம் கீறுங்கள். சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தையும் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். இன்னொன்றைச் சங்கத்தில் வையுங்கள். நாம் சொல்லாவிட்டால், திட்டத்தில் எமது வீடு விடுபட்டுவிடும்.