ஸ்டீல் கிற்றார்ப் பயிற்சியும் செவியுணர்வும்

ஸ்டீல் கிற்றார் ஹவாய்த் தீவுகளிலே தோன்றிய வாத்திய முறையாகும். ‘ஸ்டீல்’ என்னும் அடை, வாத்தியம் எதனாற் செய்யப்பட்டது என்பதைக் குறிப்பதன்று. தந்திகளின்மேல் நகர்த்தப்படும் உருக்குக் கோலையே குறிப்பது. ஓவாஹுத் தீவின் லாயியே என்னும் ஊரிற் பிறந்த யோசப் கெக்குக்கு (1874–1932) இம்முறையை வகுத்தவர் எனப் பெரும்பான்மையோர் கொள்வர். 1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா–பசிபிக் பொருட்காட்சி இதனைப் பலரும் அறியச் செய்தது.

சாதாரணக் கிற்றாரில் விரல் சற்றுப் பிசகினும் மெட்டு சுருதியைக் காத்துவிடும். இவ்வாத்தியத்திலோ தந்திகள் உயர்த்தப்பட்டிருத்தலால் மெட்டைத் தொடுவதில்லை. மெட்டு வெறுங்கோடாகிவிட, கோலே நகரும் மெட்டாகின்றது. கோலை இரு கோடுகளுக்கிடையே அன்றி, கோட்டுக்கு நேர்மேலே வைத்தல் வேண்டும்; அழுத்தவுங் கூடாது.

எனினும், கோட்டை நம்புதல் மட்டும் போதுமோ? தந்தியின் நீளம் 64 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். பன்னிரண்டாம் கோட்டிற் கோலை வைப்பின் 32 சென்ரிமீற்றர் எஞ்சி மேற்சட்சம் ஒலிக்கும். ஏழாம் கோட்டில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எஞ்சும். அது பழந்தமிழர் இளி எனக் கூறிய பஞ்சமம். இவ்விரண்டிலும் இடரில்லை. ஆனால், ஆதார சுருதியோடு முற்றும் இசையும் அந்தரகாந்தாரத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 51.2 சென்ரிமீற்றர், எஞ்சுதல் வேண்டும். நான்காம் கோட்டில் எஞ்சுவதோ 50.8 மட்டுமே. ஸ்தாயியைப் பன்னிரு சம இடைவெளிகளாகப் பகுத்தமையால் நேர்ந்த வேறுபாடு இது. இந்த நான்கு மில்லிமீற்றரைக் கண் காட்டாது, செவியே காட்டும்.

கோல் மேலேறுந்தோறும் வழுவும் பெருகும். இரண்டு மில்லிமீற்றர்ப் பிசகு, முதற் கோட்டிலும் பார்க்கப் பன்னிரண்டாம் கோட்டில் ஏறத்தாழ இருமடங்கு சுருதி பேதத்தை விளைக்கும்.

ஆதலின் கற்போர் முதலில் ஒரு தந்தியை வெறுமனே மீட்டி, அதே ஒலியை அடுத்த தாழ்ந்த தந்தியிற் கோலினால் தேடிப் பிடித்துப் பழகுதல் நன்று. இரண்டும் சற்றே வேறுபடின் ஒலி விம்மித் தாழும். பொருந்துகையில் அவ்வலைவு அடங்கிவிடும். கோலுக்குப் பின்னுள்ள விரல்களைத் தந்திகளின்மேல் இலேசாகக் கிடத்தி வீணொலியை அடக்குதலும் உடன் பயிலத்தக்கது.

கோலை அசைத்து ஒலியை நடுங்கச் செய்தல் இவ்வாத்தியத்தின் சிறப்பழகு. ஆயினும், தொடக்கத்திலேயே அதனை மேற்கொள்வோர் தம் சுருதிப் பிழையைத் தமக்கே மறைத்துவிடுகின்றனர். அசையாது நிற்கும் ஒலி தூயதான பின்னரே அசைவு அழகாகும்.

நம் கோட்டுவாத்தியத்தில் மெட்டும் இல்லை, கோடும் இல்லை. அதனைப் பயில்வோர் முதல்நாளிலிருந்தே செவியை நம்பவேண்டியவராகின்றனர். ஸ்டீல் கிற்றார் பயில்வோரும், கோடுகளைத் தொடக்கத் துணையாகக் கொண்டு, நாள்தோறுஞ் சிறிது நேரம் கண்மூடி வாசித்துப் பார்த்தல் தகும்.