மரத்துக்குள்ளே ஒரு திருடன்!

மாமரம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. போன வருஷம் வண்டி கொள்ளாமல் காய்த்த மரம். திடீரென்று ஒரு கிளையில் இலைகள் பழுக்கின்றன. கொஞ்ச நாளில் கிளை முழுவதும் காய்ந்துவிடுகிறது.

தண்ணீர் போதவில்லையோ? இல்லை. அடிமரத்தைப் பாருங்கள். பட்டையில் ஒரு துளை. அதன் கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. திருடன் உள்ளே இருக்கிறான்!

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் இவனைத் தெரியாதவர்கள் குறைவு. தண்டுத் துளைப்பான் என்று பெயர். இது ஒரு வண்டின் புழு.

மீசைக்கார வண்டு

வண்டு இரண்டு அங்குல நீளம் இருக்கும். சாம்பல் நிறம். கழுத்தருகே இரண்டு சிவந்த புள்ளிகள். மீசையோ உடம்பைவிட நீளம்! மழைக்காலத்தில் மரத்தை விட்டு வெளியே வரும். இரவில் விளக்கைத் தேடிப் பறந்து வருவதும் உண்டு.

பெண் வண்டு பட்டையைக் கீறி, கீறலுக்கு ஒன்றாக முட்டை இடும். பொரிந்து வரும் புழு பட்டைக்கு அடியில் குடைய ஆரம்பிக்கும். அங்கேதான் ஆபத்து. இலை தயாரிக்கும் சாப்பாடு பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. புழு அந்த வழியை வெட்டிவிட்டால் வேர் பட்டினி! மாதக்கணக்கில் தின்று, விரல் நீளத்துக்குக் கொழுத்து, பிறகு மரத்துக்குள்ளேயே கூட்டுப் புழுவாகிறது.

முப்பது வருஷ மரம் போனால் போனதுதான். புதிய ஒட்டுக்கன்று ஓரளவு காய்க்கவே நாலைந்து வருஷம் ஆகும். கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காயை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டமா?

காட்டில் இவன் திருடன் அல்ல

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகளிலும் பட்டைக்குள் வாழும் வண்டுகள் உண்டு. ஆனால் காட்டில் பல ஜாதி மரங்கள் கலந்து நிற்கின்றன. விழுந்த மரத்தையும் நோயாளி மரத்தையும் வண்டுகள் குடைந்து மண்ணாக்குகின்றன. புழுவைத் தேடி மரங்கொத்தி வருகிறது. தோப்பிலோ ஒரே ஜாதி மரம், வரிசை வரிசையாக. வண்டுக்குத் தலைவாழை விருந்து!

காட்டிலும் ஒரே மரம் நிறைந்திருந்தால் கதை மாறும். 1990-களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் இதன் உறவுக்கார வண்டு ஒன்று லட்சக்கணக்கான சால மரங்களை அழித்தது. அதைப் பிடிக்க ஒரு வேடிக்கையான தந்திரம் உண்டு. ஒரு மரத்தை வெட்டிப் போட்டு, பட்டையை நசுக்குவார்கள். சாறு வழியும். அந்த வாசனைக்கு வண்டுகள் கூட்டமாக வந்து குடித்து மயங்கிக் கிடக்கும். கூலி ஆட்கள் அள்ளிக்கொள்வார்கள். எண்ணிக்கைப்படி கூலி!

கம்பியும் தாரும்

மாந்தோப்பில் செய்ய வேண்டியது சுலபம். நுனி வளைந்த கம்பியைத் துளையில் விட்டுப் புழுவை இழுத்துவிட வேண்டும். சைக்கிள் சக்கரக் கம்பியே போதும். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடைக்க வேண்டும். காய்ந்த கிளையை வெட்டி எரித்துவிடுவது நல்லது. அடிமரத்தில் மூன்றடி உயரத்துக்குத் தார் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் இரண்டு பங்கு கலந்து பூசினால் வண்டு முட்டையிட வராது. மரத்தூளை முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெட்டிக்குள் பயணம்

ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் இந்த வண்டுகளுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! 1996-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து மரங்களில் ஆசிய வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சரக்கோடு வந்த மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து கப்பல் ஏறியிருந்தது அந்த வண்டு. 2002-ல் உலக நாடுகளுக்கு ஒரு விதி வகுக்கப்பட்டது. அதன்படி, இயந்திரங்களை அனுப்பும் மரப்பெட்டியின் கட்டை நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வெந்தாக வேண்டும்; அல்லது விஷப்புகை போட வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத பெட்டியை அந்நியத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிடலாம், உள்ளே இருப்பது எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமானாலும்.